ஹாப்ராய்டு வம்சமும் ரொட்டி ஹன்னாவும்

ஹாப் என்று ஒருவன் இருந்தான் என்பதை மட்டும் ரிக்டன் பள்ளத்தாக்கில் எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். மற்றதெல்லாம் சண்டை. அவன் ஒரு கோடாலியோடு மலைச்சரிவில் ஏறினான், மரத்தை வெட்டினான், வேரைப் பிடுங்கினான், பொறுக்கிய கல்லை வேலியாக அடுக்கிவிட்டுக் கொஞ்சம் ஓட்ஸ் விதைத்தான். அப்படிக் காடு திருத்திய நிலத்துக்கு வட இங்கிலாந்து யார்க்‌ஷயரின் பழைய பேச்சில் ராய்டு என்று பெயர். ஹாப் திருத்தியது ஹாப்ராய்டு. அங்கே குடியிருந்தவன் ஹாப்ராய்டுக்காரன். வரி வசூலிக்க வந்த அரசனின் ஆட்கள் எந்த ஜான் என்று கேட்டார்கள். ஹாப்ராய்டில் இருக்கிற ஜான் என்று பதில் வந்தது. ஜான் ஹாப்ராய்டு என்று எழுதிக்கொண்டு போனார்கள். வரி பிறகு ஒழிந்தது. பெயர் ஒழியவில்லை.

ஹாப் என்பது ராபர்ட்டைக் கொஞ்சிக் கூப்பிடுகிற பெயர் என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். ஆக, யாரோ ஒரு தாய் தொட்டிலைப் பார்த்துக் கொஞ்சிய ஒரு சொல்லை, ஒரு பள்ளத்தாக்கே அறுநூறு வருஷமாக நெற்றியில் ஒட்டிக்கொண்டு திரிகிறது. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. பிரபுக்களின் பெயர்கள் பலவும் இதைவிட மோசமான இடங்களில் பிறந்தவை.

ஹாப்பின் சந்ததி பெருகியது. மலை செங்குத்து, வெளியூர்ப் பெண்களுக்கு மூச்சு வாங்கும். அதனால் ஹாப்ராய்டுகள் ஹாப்ராய்டுகளையே கட்டிக்கொண்டார்கள். இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் மகாராணி காலமாகி அவர் மகன் பட்டத்துக்கு வந்த புதிதில், ரிக்டனில் கம்பளி ஆலைக்குப் போகிறவர்கள், ஆலையிலிருந்து திரும்புகிறவர்கள், கல்லறைத் தோட்டத்தில் படுத்திருக்கிறவர்கள் எல்லோரும் ஹாப்ராய்டுகள். சொந்தப் பெயரிலாவது தாராளம் காட்டினார்களா என்றால் அதுவும் இல்லை. ஆண் என்றால் ஜோனஸ், ஜேபஸ், ஆப்ரம். பெண் என்றால் ஹன்னா, கிரேஸ், மார்த்தா. ஆகையால் உண்மையில் புழங்கியது பட்டப்பெயர்தான். மேட்டுவீட்டு ஜேபஸ், பாலத்தடி ஜோனஸ், செவிட்டு ஆப்ரம். குடும்பப் பெயர் என்பது ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போல. பெட்டியில் கிடக்கும், கல்யாணத்துக்கும் சாவுக்கும் வெளியே வரும்.

இப்படிப்பட்ட ஊரில் ரொட்டி ஹன்னா தன் நாற்பத்தாறாவது வயதில் தனியாகக் குடியிருந்தாள். ஓட்ஸ் மாவைப் புளிக்கவைத்துக் கரைத்து, அடுப்பின் மேல் காயும் கல்லில் ஒரே வீச்சில் வீசுவாள். மெல்லிய ரொட்டிகளை மச்சிலிருந்து தொங்கும் கொடியில், ஈரத் துணி போடுவதுபோலப் போட்டு உலர்த்துவாள். ஆலைக்குப் போகிறவர்கள் வாசலில் நின்று வாங்கிப் போவார்கள். அவள் வீட்டு மரப்பெட்டியில், இருபது வயதில் தனக்கென்று அவள் தைத்து வைத்த படுக்கை விரிப்புகள் மடிப்புக் கலையாமல் இருந்தன. ஓரத்தில் நீல நூலில் ஹ. ஹா. என்று இரண்டு எழுத்து. ரிக்டன் பெண்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. கல்யாணத்துக்குப் பிறகு எழுத்தைப் பிரித்துத் தைக்க வேண்டியதில்லை. ஹன்னாவுக்குப் பிரிக்கவும் வேண்டியிருக்கவில்லை, விரிக்கவும் வேண்டியிருக்கவில்லை.

புதன்கிழமை தோறும் கரிவண்டி ஜோனஸ் வருவான். அவளைவிட இரண்டு வயது மூத்தவன், கல்யாணம் ஆகாதவன், கதவு அளவு உடம்பு. மூட்டையை இறக்கிவிட்டு, கையைக் கழுவிவிட்டு, வாசலுக்குப் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து ஒரு கோப்பை டீ குடிப்பான். மனிதர்களிடம் பேச அவனுக்கு வராது. பேச வேண்டியதையெல்லாம் வெளியே நிற்கும் தன் குதிரையிடம் பேசுவான். குதிரையின் பெயர் மார்ஜரி. ரிக்டன் பெண்பாலில் இரண்டாவது ஆள் இல்லாத பெயர் அது ஒன்றுதான்.

"மார்ஜரி, இன்னிக்கு ரொட்டி நல்லா முறுகியிருக்கு" என்பான் வாசலைப் பார்த்து.

"அப்படியா, சந்தோஷம்" என்பாள் ஹன்னா, குதிரையின் சார்பில்.

இது பல வருஷமாக நடந்தது. ஆரம்பத்தில் ஊர் வம்பு பேசியது. பிறகு அதற்கே சலித்துப் போயிற்று.

ஹன்னாவின் அண்ணன் மேட்டுவீட்டு ஜேபஸ். ஹாப் கோடாலி வைத்த இடம் தன் வீட்டுக் கொல்லைதான் என்பது அவன் கட்சி. ஆகவே ஹாப்ராய்டு என்ற பெயர் நியாயப்படி தன் வீட்டுக்கு மட்டுமே சொந்தம்; மற்றவர்கள் அந்த நிலத்தில் கூலி வேலை செய்த பழக்கத்தில் பெயரையும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டவர்கள். இதை அவன் சாப்பாட்டு மேஜையில், சந்தையில், சாவு வீட்டில் என்று இடம் பாராமல் விளக்குவான். ஜேபஸுக்கு மனைவி இல்லை; ஒரே மகள். அத்தையின் பெயரையே வைத்திருந்தார்கள். அவள் மேட்டுவீட்டு ஹன்னா, இருபது வயது.

அவளைப் பாலத்தடி ஜோனஸுக்குப் பிடித்திருந்தது. ஆலையில் தறி பழுது பார்ப்பவன். கோயில் பாடகர் குழுவில் அடித்தொண்டையில் பாடுகிறவன். அவளுக்கும் அவனைப் பிடித்திருந்தது. போன குளிர்காலத்தில் அவன் மேட்டுவீட்டுக்குப் போய்ப் பெண் கேட்டபோது ஜேபஸ் நாற்காலியைக்கூடக் காட்டவில்லை. பாலத்தடிக் குடும்பத்தின் மூதாதை, பனிப்புயலில் ஒதுங்கிய ஊசிநூல் வியாபாரியாம். அவன் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது, அன்றைய பாதிரியார் கைவசம் வேறு பெயர் இல்லாததால் ஹாப்ராய்டு என்று எழுதிவிட்டாராம்.

"உன் பேரு இரவல் பேருடா" என்றான் ஜேபஸ். "இரவல் கோட்டு போட்டவனுக்கு எவனாவது பொண்ணு குடுப்பானா?"

"நூத்தைம்பது வருஷமாப் போட்டுட்டிருக்கோமே மாமா, இன்னுமா எங்க அளவுக்கு ஆகல?" என்று கேட்டுவிட்டு வெளியே வந்தான் ஜோனஸ். துடுக்கான பதில்தான். ஆனால் பெண் கிடைக்கவில்லை.

மே மாதத்தில் அவனுக்கு மலைக்கு அப்பால் லங்காஷயரில் பெரிய ஆலை ஒன்றில் வேலை அமைந்தது. ஜூன் கடைசியில் போய்ச் சேர வேண்டும். ரிக்டன்காரனுக்கு லங்காஷயர் என்றால் கிட்டத்தட்ட கடல் தாண்டுவது. அவளை விட்டுப் போக அவனுக்கு மனமில்லை. அவளுக்கு இருபத்தொன்று ஆகப் பத்து மாதம் பாக்கி. அந்த வயதுக்குள் கல்யாணம் என்றால், கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கும்போது பெண்ணின் தகப்பன் எழுந்து நின்று கூடாது என்று ஒரு சொல் சொன்னால் போதும், ஓலை செல்லாது. சொல்லாமல் உட்கார்ந்திருந்தால் செல்லும்.

ஓலை வாசிப்பதில் ரிக்டனுக்கு ஒரு வழக்கம் இருந்தது. பழைய பாதிரியார், ‘ஜோனஸ் ஹாப்ராய்டு, ஹன்னா ஹாப்ராய்டு’ என்று வாசித்துவிட்டு, குரலைத் தாழ்த்தாமலே பட்டப்பெயரையும் சேர்ப்பார். இல்லாவிட்டால் யாருக்கு யார் என்று தேவனுக்கு மட்டுமே தெரியும். அவர் போன குளிர்காலத்தில் காலமானார். தெற்கிலிருந்து வந்த புதிய பாதிரியார் ஃபேன்ஷா, பலிபீடத்துக்கு எதிரில் ‘செவிட்டு ஆப்ரம்’ என்றெல்லாம் சொல்வது திருச்சபைக்கு அழகல்ல என்று அந்த வழக்கத்தை நிறுத்திவிட்டார்.

ஜூன் மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை அவர் தெளிவான தெற்கத்திக் குரலில் வாசித்தார். "இந்தச் சபையைச் சேர்ந்த, மணமாகாத ஜோனஸ் ஹாப்ராய்டு. இந்தச் சபையைச் சேர்ந்த, மணமாகாத ஹன்னா ஹாப்ராய்டு. இது முதல் தடவை."

சபை கணக்குப் போட்டது. மணமாகாத ஹன்னாக்களில் ஒருத்திக்குத் தொண்ணூறு வயது, ஒருத்திக்குப் பல் முளைக்கவில்லை. மேட்டுவீட்டுச் சின்ன ஹன்னாவை அப்பன் எவனுக்கும் கொடுக்கப் போவதில்லை என்பது ஊர் அறிந்தது. மிச்சம் யார்? எல்லாத் தலைகளும் ரொட்டி ஹன்னாவின் பக்கம் திரும்பின. பிறகு ஒரே வீச்சில் கடைசி பெஞ்சில் இருந்த கரிவண்டி ஜோனஸின் பக்கம் திரும்பின. முன் பெஞ்சிலிருந்து ஜேபஸும் திரும்பித் தங்கையைப் பார்த்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அவள் சிறுவயதுக்குப் பிறகு பார்த்ததில்லை.

இல்லை என்று சொல்ல ஹன்னா வாயெடுத்தாள். அப்போது அண்ணனுக்குப் பக்கத்தில் மருமகள் சின்ன ஹன்னாவின் முகம் தெரிந்தது. சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்து, பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். பாடகர் வரிசையில் பாலத்தடி ஜோனஸ், கூரையின் உத்தரங்களை வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்ப்பவன்போலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஹன்னாவுக்குப் புரிந்தது. வாயை மூடித் தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கம் என்று சபை எடுத்துக்கொண்டது.

வெளியே வந்ததும் ஆளாளுக்கு அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். செவிட்டு ஆப்ரம், இதற்காகத்தான் தேவன் தன்னை உயிரோடு வைத்திருந்தார் என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னார். கரிவண்டி ஜோனஸ் அதற்குள் மார்ஜரியோடு மலை வளைவில் மறைந்துவிட்டிருந்தான்.

அன்று சாயங்காலமே மருமகள் ஓடிவந்து அத்தையின் மடியில் முகத்தைப் புதைத்தாள். எல்லோரும் அத்தை பக்கம் திரும்புவார்கள் என்று நாங்கள் நினைக்கவில்லை, யாருக்கும் புரியாமல் குழம்பிப் போவார்கள் என்றுதான் எண்ணினோம் என்று அழுதாள். "நான் போய் அப்பாகிட்ட சொல்லிடறேன் அத்தை. உன்னை ஊர் சிரிக்க விடமாட்டேன்."

"சிரிக்கட்டும்" என்றாள் ஹன்னா, அவள் தலையைக் கோதியபடி. "சும்மா இருக்கற வாய்தானே."

ஊர் சிரிப்பதைப் பற்றி உண்மையிலேயே அவள் கவலைப்படவில்லை. புதன்கிழமை கரிவண்டி ஜோனஸ் வருவானா என்பதுதான் அவள் கவலை. நாற்பத்தாறு வயதுக்காரி, கேட்காமலே தன்னைக் கோயிலில் ஏலம் போட்டுவிட்டாள் என்று அவன் நினைத்தால்? இனி கரியை வாசலில் போட்டுவிட்டுப் போய்விட்டால்? அந்த முக்காலியில் யாரும் உட்காராத ஒரு புதன்கிழமையை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

புதன்கிழமை அவன் வந்தான். மூட்டையை இறக்கினான். கையைக் கழுவினான். உட்கார்ந்தான். காது மட்டும் சிவப்பாக இருந்தது. ஹன்னா அவன் முகத்தைப் பார்க்காமல், கல்லில் மாவை வீசியபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ஓலை நம்முடையது அல்ல. சின்னவளுடையது. நாம் மறுத்தால் ஜேபஸுக்குப் பொறி தட்டிவிடும்.

"இன்னும் ரெண்டு ஞாயிறு பேசாம இருக்கணும். உங்களால முடியுமா?"

கரிவண்டி ஜோனஸ் யோசித்தான். "பேசாம இருக்கறது ஒண்ணுதான் எனக்கு வரும்" என்றான். அவளிடம் நேராக அவன் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுவே முதல் தடவை.

"அப்புறம், நான்தான் உங்களை வேணாம்னுட்டேன்னு சொல்லிக்கலாம். உங்களுக்கு அவமானம் வேண்டாம்."

அவன் டீயைக் குடித்துவிட்டு எழுந்தான். வெளியே வெகுநேரம் மார்ஜரியின் காதோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தான். ஹன்னா கையை நிறுத்திவிட்டுக் கேட்டுப் பார்த்தாள். எதுவும் காதில் விழவில்லை. கல்லில் ஒரு ரொட்டி தீய்ந்ததுதான் மிச்சம்.

இரண்டாம் ஞாயிறும் ஓலை வாசித்தார்கள். ஜேபஸ் பெருமிதத்தோடு உட்கார்ந்திருந்தான். பரிசுகள் வர ஆரம்பித்தன. ஆலைப் பெண்கள் ஒரு டீக்கெண்டி, செவிட்டு ஆப்ரம் ஓடாத கடிகாரம். வாரத்தின் நடுவில் ஜேபஸே தோளில் ஒன்றைச் சுமந்துகொண்டு சரிவில் இறங்கி வந்தான். அம்மாவின் ஆடும் நாற்காலி. அம்மா இறந்தபோது ஹன்னா அதைக் கேட்டாள்; வம்சத்து நாற்காலி, ஹாப் திருத்திய நிலத்தை விட்டு இறங்கக் கூடாது என்று அவன் அன்றைக்கு மறுத்திருந்தான். இன்று அதை அவள் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து, கைப்பிடியைத் தன் சட்டைக் கையால் துடைத்தான்.

"அப்பா இருந்தா அவர் உன் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிருப்பாரு. அடுத்த சனிக்கிழமை நான் வரேன்" என்றான். "கரிவண்டி குடும்பம் ஒண்ணும் அசல் ஹாப்ராய்டு இல்ல. இருந்தாலும், இந்த வயசுல வேரைத் தோண்டிப் பாத்துட்டா இருக்க முடியும்?"

"அண்ணே, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லாத. அழுதுருவேன்" என்று அவன் மூக்கைச் சிந்தினான்.

அவள் வேறு வழியில் போய்ப் பார்த்தாள். சின்னவளுக்கும் ஒரு நாள் இப்படி நடக்கும்தானே என்றாள். ஜேபஸின் முகம் உடனே மூடிக்கொண்டது. அந்த இரவல் பேர்க்காரன் ஜூன் கடைசியில் மலை தாண்டித் தொலைகிறானாம், அதன் பிறகு பார்க்கலாம் என்றான். ஹன்னா சொல்ல வந்ததை விழுங்கிவிட்டாள். அவன் போனதும் அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்து, திருட்டுப் பொருளில் உட்கார்ந்தவள்போல நெளிந்தாள். பிறகு மரப்பெட்டியைத் திறந்து, விரிப்புகளை எடுத்து, மருமகளுக்கென்று மூட்டை கட்டினாள். ஹ. ஹா. என்ற எழுத்து அவளுக்கும் பொருந்தும். அந்த வசதியும் இருந்தது.

மூன்றாம் ஞாயிறும் யாரும் எழுந்திருக்கவில்லை.

சனிக்கிழமை பத்து மணிக்கு ரொட்டி ஹன்னாவின் கல்யாணம் என்று ஊர் முடிவு செய்திருந்தது. பாதிரியாரிடம் எட்டு மணி என்று பாலத்தடி ஜோனஸ் ஏற்பாடு செய்திருந்தான். எது யாருடைய கல்யாணம் என்ற குழப்பம் ரிக்டனில் இல்லாத ஒரே ஆள் ஃபேன்ஷாதான். அவருக்கு ஒரே ஒரு ஜோனஸையும் ஒரே ஒரு ஹன்னாவையும் மட்டுமே தெரியும். எட்டு மணிக்கு அவர்களுக்கு மணம் முடித்து வைத்தார். சாட்சி அத்தை. மருமகள் மோதிரத்தைப் பார்த்துப் பார்த்து அழுதாள், சிரித்தாள்.

பத்து மணிக்கு ஞாயிற்றுக்கிழமைக் கோட்டோடு ஜேபஸ் வந்தான். பின்னால் பாதி ஊர். கோயில் வாசலில் தங்கை நின்றாள், அவளுக்குப் பின்னால் மகள், மகளின் கையைப் பிடித்துக்கொண்டு இரவல் பேர்க்காரன். ஜேபஸ் மோதிரத்தைப் பார்த்தான். அவன் கழுத்து நரம்பு புடைத்தது.

"ஏமாத்திட்டீங்க" என்றான். "என் கண்ணு முன்னாடி."

"உன் காது முன்னாடி அண்ணே" என்றாள் ஹன்னா. அவள் குரல் உயரவில்லை. "ஹாப்ராய்டுன்னா உன் வீட்டுப் பேருன்னு எத்தனை வருஷமா சொல்ற. உன் பொண்ணு பேரை மூணு ஞாயிறு சத்தமா வாசிச்சாங்க. ஒரு தடவைகூட அது உன் பொண்ணா இருக்கும்னு உனக்குத் தோணலையே."

ஜேபஸ் வாயைத் திறந்தான். ஹாப் முதற்கொண்டு அறுநூறு வருஷத்து வாதங்கள் அவன் வாயருகே வந்து, ஒன்றும் உதவாமல் திரும்பிப் போயின. மகள் முன்னால் வந்து அவன் கோட்டின் பொத்தானைச் சரிசெய்தாள். தினமும் காலையில் செய்வதுதான். அவன் அந்தக் கையைத் தட்டிவிடவில்லை. விருந்துக்குப் பன்றித்தொடை வெந்துபோச்சு, வீணாக்க முடியாது என்றான். அது சம்மதம் என்று ரிக்டனில் எல்லோருக்கும் தெரியும்.

இனி மிச்சம் ரொட்டி ஹன்னாவின் அவமானம் மட்டும்தான். ஊர் அவளைப் பார்த்தது. நான் அவரை வேண்டாம் என்றுவிட்டேன் என்று சொல்ல அவள் மூச்சை இழுத்தாள். அதற்குள் சாலையில் மணிச் சத்தம் கேட்டது. மார்ஜரி வந்துகொண்டிருந்தாள். மே மாதத் திருவிழாவுக்குக் கட்டுகிற பித்தளைத் தகடுகள், பிடரி முழுக்கச் சிவப்பு நாடா, கழுவித் துடைத்த வண்டி. பக்கத்தில் கரிவண்டி ஜோனஸ், கரி இல்லாத முகத்தோடு. பலருக்கு அவனை அடையாளம் தெரியவில்லை.

அவன் வாசலுக்கு எதிரில் வண்டியை நிறுத்தி, குதிரையின் கழுத்தில் கையை வைத்தான்.

"மார்ஜரி, இவங்க என்னை வேணாம்னுட்டதாச் சொல்லப் போறாங்க. எனக்கு அதுல சம்மதமில்லைன்னு சொல்லிடு."

ஹன்னாவும் குதிரையைத்தான் பார்த்தாள். "மார்ஜரி, எதா இருந்தாலும் அவரை நேரா என்கிட்ட சொல்லச் சொல்லு."

கரிவண்டி ஜோனஸ் குதிரையிலிருந்து கையை எடுத்தான். எடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தொப்பியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டான்.

"ஹன்னா. எனக்கு டீயில சர்க்கரை வேணும்" என்றான். "இத்தனை வருஷமா வேணும். கேக்க வாய் வரல. மத்ததும் அப்படித்தான்."

"எத்தனை கரண்டி?" என்றாள் ரொட்டி ஹன்னா.

"ரெண்டு."

பாதிரியாரை அப்போதே இழுத்துவரப் பலர் ஓடினார்கள். ஃபேன்ஷா வியர்த்துப் போய், வாசித்த ஓலை காலையில் செலவாகிவிட்டது, ஒரே ஓலையில் இரண்டு கல்யாணம் செய்ய முடியாது, முதலிலிருந்து வாசிக்க வேண்டும் என்று விளக்கினார். பன்றித்தொடையை இளையவர்களின் விருந்தில் தின்றார்கள். புறப்படும்போது மருமகள் விரிப்பு மூட்டையை அவிழ்த்து, பாதியை எடுத்துக்கொண்டு, பாதியை மரப்பெட்டியிலேயே திரும்ப வைத்துவிட்டுப் போனாள்.

அதற்கடுத்த வாரம் ஞாயிறன்று பாதிரியார் வாசித்தார். "மணமாகாத ஜோனஸ் ஹாப்ராய்டு, மணமாகாத ஹன்னா ஹாப்ராய்டு. இதற்குத் தடை சொல்ல யாராவது..."

முன் பெஞ்சில் ஜேபஸ் எழுந்து நின்றான். பக்கத்தில், மலை தாண்டி அன்று காலையிலேயே வந்திருந்த மகள் அவன் கோட்டைப் பிடித்து இழுத்தாள். அவன் உட்காரவில்லை.

"தடை ஒண்ணுமில்லைங்க" என்றான் ஜேபஸ். "எந்த ஜோனஸ், எந்த ஹன்னான்னு மட்டும் தெளிவாச் சொல்லிடுங்க. போன தடவை நான் சரியாக் கேக்காம விட்டுட்டேன்."

பாதிரியார் பலிபீடத்தைப் பார்த்தார், சபையைப் பார்த்தார். திருச்சபையின் அழகை அன்றைக்கு மட்டும் ஓரமாக வைத்துவிட்டு, தெளிவான தெற்கத்திக் குரலில் சொன்னார். "கரிவண்டி ஜோனஸ். ரொட்டி ஹன்னா."

ஹன்னா தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கம் என்று சபை எடுத்துக்கொண்டது. இந்தத் தடவை அது சரிதான்.